மஞ்சள் கம்பெனியில் மூக்குத் திறப்பு

1

ஒரு டீக்கடைப் பீற்றலை நம்பிக் கதை தொடங்கலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். ஆனால் நான் தொடங்கிவிட்டேன். காலடிப்பேட்டையில் மழைக்கு ஒதுங்கிய ஒரு கடையில், பக்கத்து பெஞ்சுக்காரர் தன் தகப்பனாரைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். "எங்க நைனா இந்த மூக்குல நூலை வுட்டு அந்த மூக்குல எடுப்பாரு. நடுவுல ஓட்டை. கண்ணாலம் காட்சின்னா எல்லாரும் செஞ்சி காட்டச் சொல்லுவாங்கோ." கடையே சிரித்தது. நானும் என் பங்குக்குச் சிரித்துவிட்டு, மழை விட்டதும் கிளம்பிவிட்டேன். வீட்டுப் படி ஏறும்போதுதான் உறைத்தது. ஓட்டை எப்படி வந்தது?

அந்த ஆளின் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. மறுபடி போனபோது அவரை அங்கே யாருக்கும் தெரியவில்லை. சொன்னது புளுகாகவும் இருக்கலாம். ஆனால் புத்தகங்களைப் புரட்டினால் அப்படி ஓட்டை விழுந்த மூக்குகள் தேசம் தேசமாக இருக்கின்றன. விழ வைப்பது ஓர் உப்பு. டைக்ரோமேட் என்று பெயர். ஆரஞ்சு நிறத்தில், கல்கண்டு மாதிரி, ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம் போல அழகாக இருக்கும். [போட்டுக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் உள்ளே போனாலும் குடல் வெந்து, சிறுநீரகம் நின்று, ஆள் போய்விடுவான்.]

அந்தக் காலத்தில் இந்த உப்புக்கு ஏகப்பட்ட கிராக்கி. தோல் பதனிட வேண்டும், சிப்பாய் உடுப்புக்குக் காக்கிச் சாயம் ஏற்ற வேண்டும், தீக்குச்சி மருந்தில் சேர்க்க வேண்டும், படம் அச்சடிக்கும் தகட்டில் பூச வேண்டும், எல்லாவற்றுக்கும் இது வேண்டும். செத்த ஆட்டின் தோலை அழுகவிடாமல் வருஷக்கணக்கில் காப்பாற்ற இதை விட்டால் வேறு ஆள் இல்லை. உயிரோடிருக்கிற மனிதனின் தோலை என்ன செய்யும் என்பதும் அப்போதே தெரிந்த விஷயம்தான். வெள்ளைக்கார தேசங்களில் நூறு வருஷத்துக்கும் மேலாக எழுதி வைத்திருந்தார்கள். திருவொற்றியூரில் அதை யாரும் எடுத்துப் படித்துக் காட்டவில்லை.

நூல் விட்டுக் காட்டிய தகப்பனாரை நான் கொஞ்ச நேரத்திலேயே விட்டுவிட்டேன். என் புத்தி அவர் வீட்டுக்காரம்மாவிடம் போய்விட்டது. புருஷன் மூக்கின் நடுச்சுவர் கரைந்துகொண்டிருந்த மாதங்களில் அந்த அம்மாள் என்னவென்று நினைத்திருப்பார்? எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். அதனால் அவளையும் சந்தேகக்காரியாகவே செய்துவிட்டேன். தாஹிரா என்று பெயர் வைத்தேன். புருஷன் பெயர் அப்துல் வஹாப்.

[பெஞ்சுக்காரர் 'நைனா' என்றுதானே சொன்னார், நீ ஏன் வஹாப் ஆக்கினாய் என்று கேட்பீர்கள். கதைக்கு அத்தர் வேண்டியிருந்தது.]

2

"1951ஆம் வருஷம், திருவொற்றியூர் தேரடிக்கு வடக்கே, கடலைப் பார்த்த—" என்று ஒரு தொடக்கம் எழுதினேன். நிலப்பத்திரம் மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

"கட்டினவனைச் சந்தேகப்படுகிறவளுக்குச் சோறு இறங்காது, தூக்கம்—" இதுவும் வேண்டாம். வாரப்பத்திரிகைக்காரர்கள் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துவிட்ட வாக்கியம்.

"வஹாபின் மூக்கு விசில் அடித்தது."

இது நிற்கட்டும்.

வஹாபின் மூக்கு விசில் அடித்தது. ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து பகலில் பாயை விரித்துப் படுத்தால், மூச்சுக்கு மூச்சு மெல்லிசாக ஒரு சத்தம். ஒரே வளவில் அடுத்த போர்ஷனில் இருந்த ரசூல் பீவி அதைக் கேட்டுவிட்டு, "யாரும்மா அது, உள்ளாற ரயிலு வுட்றது?" என்றாள். தாஹிராவுக்குச் சிரிப்பு வரவில்லை. இது அவளுக்கு முதல் சங்கதி இல்லை. ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தவள் அவள்.

முதலில் அத்தர். முன்பெல்லாம் ஜும்மாவுக்கும் பெருநாளுக்கும் பஞ்சில் ஒரு பொட்டு நனைத்துக் காதுமடலில் செருகிக்கொள்வான். இப்போது வேலைக்குக் கிளம்பும்போதே சட்டை நனைகிற அளவுக்குக் கொட்டிக்கொள்கிறான். அவன் வேலை செய்வது மஞ்சள் கம்பெனியில். கல்லை அரைத்து, சோடாவும் சுண்ணாம்பும் கலந்து, சூளையில் வறுத்து, அந்த உப்பை எடுக்கிற இடம். ஊர்க்காரர்களுக்கு உப்பின் பெயர் தெரியாது. சுவர், கூரை, ஆட்களின் புருவம் எல்லாம் மஞ்சளாக இருந்ததால் அப்படிப் பெயர். அங்கே யாருக்கு மணக்க வேண்டும்?

அப்புறம் கைக்குட்டை. ரத்தக்கறையோடு, அவனே கசக்கிச் சுருட்டி, கூரை இடுக்கில் ஒளித்து வைத்திருந்தான்.

அப்புறம் விரல் முட்டிகளில் புண். வட்டமாக, ஓரம் மேடு கட்டி, நடுவில் குழி விழுந்து. அதில் உப்புத் தண்ணீர் பட்டாலும் அவன் முகம் சுளிக்கவில்லை. என்னவென்று கேட்டதற்கு, "வேலையில பட்டுது" என்றான். எது பட்டது என்று சொல்லவில்லை.

ஒருநாள் அடுப்பில் மீன் கருகி வளவே நாறியது. அவன் அடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கருகினதைப் போட்டபோது, "நல்லாக்குது" என்று தின்றான். இவன் மனசு இந்த வீட்டில் இல்லை என்று அன்றைக்கு தாஹிரா முடிவு கட்டினாள்.

ரசூல் பீவி சும்மா இருப்பாளா? வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. "மூக்குல வர்ற நோவு மூக்குலயா தொடங்குது? அது எங்கியோ போயி வாங்கிக்கினு வர்றது. கப்பலு நிக்கிற ஊரு இது. மூக்குத்தண்டு உள்ள வுழுந்த ஆம்பளைங்கள நான் எத்தினி பேரப் பாத்துக்கிறேன். மொத ரத்தம், அப்புறம் புண்ணு, புண்ணுல வலி இருக்காது. அதான் அடையாளம்." குரலைத் தாழ்த்தி மிச்சத்தையும் சொன்னாள். "வயித்துல கீற புள்ளைக்கும் வரும். பாத்துக்கோ."

தாஹிராவின் வயிற்றில் ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. அன்று சாயங்காலம் அவள் கிணற்றடியில் வஹாபின் சூளைச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை அலசினாலும் தண்ணீர் மஞ்சளாகவே போனது. சவுக்காரத்தைக் கழுவிவிட்டுப் பார்த்தால், அவள் ஆள்காட்டி விரல் முட்டியில் அதே மாதிரி ஒரு குழிப்புண். அழுத்திப் பார்த்தாள். வலிக்கவில்லை.

எனக்கும் தந்துவிட்டான் என்று நினைத்தாள். அந்த நிமிஷம் அவளுக்கு வந்த பயம் தன்னைப் பற்றியது இல்லை.

3

இந்த இடத்தில் வஹாப் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. உண்மையைச் சொன்னால், முதல் கையெழுத்துப் படியில் அவனை ராயபுரத்துக்கு அனுப்பிவிட்டேன். துறைமுகத்துக்குப் பின்பக்கம், ஒரு சந்து, ஒரு மாடிப்படி, "வா பாயி" என்று ஒரு—

வேண்டாம். எழுத எழுதக் கை தானாகப் போயிற்று, அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆண் என்றால் எங்காவது போயிருப்பான் என்று எழுதுவதற்கு யோசிக்கவே வேண்டாம். ரசூல் பீவியின் புத்தியும் என் புத்தியும் ஒன்றாக ஓடுகிறது என்று தெரிந்ததும் எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவளாவது வளவில் நாலு சுவருக்குள் பேசுகிறாள்.

அவளை வில்லியாக்கவும் மனசில்லை. அவள் பார்த்த மூக்குகளும் நிஜம், அவள் சொன்ன நோயும் நிஜம். தப்பு ஒன்றே ஒன்று. மனிதனால் மனிதனுக்கு வரும் நோய்தான் அவளுக்குத் தெரியும். சட்டையிலிருந்து வரும் நோயை அவள் கேள்விப்பட்டதில்லை.

4

தாஹிரா ஒரு முடிவுக்கு வந்தாள். நிஜம் என்று தெரிந்தால் வண்ணாரப்பேட்டை அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது, ஜமாத்தில் சொல்லி உறவை அத்துக்கொள்வது, பிள்ளையை அங்கேயே பெற்றுக்கொள்வது. ஆனால் நிஜமா என்று யாரிடம் கேட்பது? வஹாபோடு ஒரே சூளையில் நிற்கிறவன் ஜெயவேல். கம்பெனி மதிலை ஒட்டிய வரிசை வீடுகளில் அவனுக்கு வீடு. ஷிப்டு விட்டதும் வஹாப் எங்கே போகிறான் என்று அவன் பெண்டாட்டி ராஜாத்திக்குத் தெரியாமல் இருக்காது. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஒரு மத்தியானம் கிளம்பினாள்.

ராஜாத்தி வாசலில் கல்லைப் போட்டுத் துணி கும்மிக்கொண்டிருந்தாள். பெருநாள் பிரியாணி கொடுத்துவிட்ட வகையில் பழக்கம்.

"வா பாயம்மா. வாயும் வயிறுமா இம்மாந்தூரம் நடந்தா வந்தே? குந்து."

தாஹிரா உட்காரவில்லை. "எங்க வூட்டுக்காரரு இங்க வர்றாரா?"

"வருவாரு. எங்க வூட்டுதுகூட வந்து குந்திக்கினு ஒரு டீ குட்ச்சிட்டுப் போவாரு. ஏன், நேத்து வூட்டுக்கு வர்லியா?"

தாஹிராவின் பார்வை ராஜாத்தியின் கையில் நின்றுவிட்டது. ஈரத்துணியைப் பிழிகிற கையில், அதே ஆள்காட்டி விரலில், அதே முட்டியில், அதே வட்டக் குழி.

நான் இந்த இடத்தில் அவளைத் தடுத்திருக்கலாம். எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரம் உண்டு. ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். புண் அவனுக்கு இருக்கிறது, எனக்கு இருக்கிறது, இவளுக்கும் இருக்கிறது என்று தாஹிரா கணக்குப் போட்டாள். ஒன்றோடு ஒன்றைக் கூட்ட அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அது இன்னா கையில?"

"புண்ணு."

தாஹிரா துப்பட்டிக்குள்ளிருந்து தன் கையை எடுத்து நீட்டினாள். "எனக்கும் கீது. அவருக்கும் கீது. ஒனக்கு எப்டி வந்துச்சு, சொல்லு."

ராஜாத்தி அவள் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முகம் சிவந்து, பிழிந்துகொண்டிருந்த துணியை ஓங்கிவிட்டாள். "இன்னா பேச்சுப் பேசற நீ? புள்ளத்தாச்சின்னு பாக்கறேன்." ஓங்கின கை அப்படியே நின்றது. அப்புறம் என்ன தோன்றியதோ, துணியைக் கல்லில் போட்டுவிட்டு வீட்டுக்குள் பார்த்துக் கத்தினாள். "அத்தே! இங்க வா. வந்து ஒன் கையக் காட்டு."

மாமியார் கெங்கம்மா வந்தாள். பல் ஒன்றிரண்டு தவிர எல்லாம் போன கிழவி. மகன் சட்டையை வாரத்தில் பாதிநாள் துவைப்பது அவள்தான். ராஜாத்தி அவள் கையைப் பிடித்துத் தாஹிராவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அந்தக் கையில் புண் ஒன்று இல்லை, பல.

"பாத்துக்கோ. எங்க மாமியாருக்கும் கீது. ஒம் புருசன் கெயவியக்கூட வுட்டு வெக்கலியா?"

"இன்னாடி சொல்றா இவ?" என்றாள் கெங்கம்மா.

"ஒன்னியும் வஹாப் பாயையும் சேத்துப் பேசறா அத்தே."

"எந்த பாயி?" கிழவி யோசித்தாள். "அந்தப் புச்சா மூக்கு தொறந்த பாயா?"

ராஜாத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். தாஹிராவையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். கோபம் போய்விட்டது, சிரித்ததில் அவள் கண்ணில் தண்ணீர்.

"இந்த வரிசையில எந்த வூட்ல வேணா போயிக் கேளு பாயம்மா. சூளைத் துணி தோய்க்கிற கைக்கெல்லாம் இது வரும். உப்பு கடிக்குது."

"மூக்கு தொறந்ததுன்னா?"

"ஒனக்குச் சொல்லலியா அவரு? கம்பெனிக்குப் புச்சா போறவனுக்கு மொத மூக்கு எரியும், ரத்தம் வரும், பொருக்கு கட்டும். மாசக்கணக்கா அவஸ்தைப் படுவான். அப்புறம் ஒரு நாளு நடுவுல தொறந்துக்கும். தொறந்துட்டா ரத்தம் இல்ல, எரிச்சல் இல்ல, ஒண்ணும் இல்ல. வேதமாணிக்கம் மேஸ்திரி நூலை வுட்டு இஸ்த்துப் பாப்பாரு. இந்தப் பக்கம் வந்துட்டா ஜிலேபி வாங்கி எல்லாருக்கும் குடுப்பாங்கோ. அன்னிலர்ந்து அவன் பக்கா ஆளு. சூளையில பெரிய வேலைக்கு மாத்திடுவாங்கோ. ஒம் புருசனுக்குப் போன மாசந்தான் ஆச்சு. எங்க வூட்டுது ரெண்டு ஜிலேபி கொண்டாந்து குட்த்துது."

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"பொம்பளையாட்டம் மூக்கு குத்திக்கினான்னு நீ கிண்டல் பண்ணுவேன்னு பயந்திருப்பாரு. எங்க வூட்டுது ஒரு வருசம் மறச்சிது."

தாஹிரா அத்தரைப் பற்றிக் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"மூக்குல வாசனை எங்க தெரியுது? ஊசிப்போன கொழம்ப ஊத்தினாலும் துண்ணும் எங்க வூட்டுது. தம்மேல உப்பு நாறுதோ இன்னாவோன்னு அவரு கொட்டிக்கினு இருப்பாரு. ஒனக்காவத்தான்."

தாஹிரா துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாதக்கணக்கில் சேர்த்து வைத்த அழுகை. ராஜாத்தி டீ போட்டுக் கொடுத்தாள். கெங்கம்மா, "நல்லா மாட்னேன்டி நான், இந்த வயசுல" என்று சொன்னதும் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். மூன்று பேர் கையிலும் புண் இருந்தது.

5

இங்கே முடித்திருக்கலாம். சந்தேகம் தீர்ந்தது, புருஷன் யோக்கியன், சுபம். பத்திரிகைக்காரர் கேட்டால் இதைத்தான் கொடுத்திருப்பேன்.

இன்னொரு முடிவும் எழுதிப் பார்த்தேன். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்குகிறார், மதிலுக்குள் நுழைகிறார், மேஸ்திரியின் கையிலிருந்து நூலைப் பிடுங்கி— அவருக்கு அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை என்று எனக்கே தெரியவில்லை. சட்டம் இருந்தது. இந்தப் புண்ணுக்குச் சட்டத்தில் பெயர்கூட இருந்தது. ஆனால் நான் எழுதுகிற தெருவில் அந்த ஜீப் ஒருநாளும் வந்ததில்லை. அதை இழுத்துக்கொண்டு வர எனக்குத் தெம்பில்லை.

கண்ணாடி போட்ட ஒரு டாக்டரை வைத்துப் பிரசங்கம் செய்ய வைத்தேன். ரப்பர் கையுறை, மூக்குக்குள் வாஸ்லின், புகைபோக்கி, எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். இந்த உப்புத் தூசு நெஞ்சுக்குள் போய் வருஷங்கள் கழித்துப் புற்றாக வளரும் என்பதையும் சொன்னார். சொன்னதெல்லாம் சரி. ஆனால் அவர் பேசப் பேச தாஹிராவைக் காணவில்லை. டாக்டரை அனுப்பிவிட்டேன்.

அவளோ வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். நெடுஞ்சாலையில் லாரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின. முதலில் மனசு லேசாக இருந்தது. வழியிலேயே ஒருமுறை தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். சந்தேகப்பட்டே பழகின மனசுக்குத் திடீரென்று வேலை இல்லாமல் போனால் அது சும்மா இருக்குமா? கிழவியின் கை நினைவுக்கு வந்தது. கிழவி கம்பெனி வாசற்படியை மிதித்ததில்லை. தானும் மிதித்ததில்லை. துணி துவைத்ததற்கே இது என்றால், அந்த உப்புக்குள்ளேயே நிற்கிறவனுக்கு மூக்கோடு நிற்குமா?

அப்புறம் வெல்லம். கம்பெனியில் தினம் ஆளுக்கு ஓர் உருண்டை வெல்லம் கொடுப்பார்கள். தொண்டைத் தூசை எடுத்துவிடும் என்று வஹாப் அதில் பாதியை அவளுக்குக் கொண்டுவந்து தருவான். தூசு ஒன்றும் செய்யாது என்றுதான் கம்பெனியில் சொல்கிறார்களாம், அப்படியென்றால் எதற்காக வெல்லம்? இவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் காரணம் இல்லாமல் ஒருத்தனுக்கு ஒன்றைக் கொடுப்பானா?

நடு ரோட்டில் நின்றுவிட்டாள். அவள் சந்தேகம் முதல் தடவையாகச் சரியான விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளுக்கு இல்லை.

6

ஆனால் ஊர் வாயை மறந்துவிட்டோம், அவளும் நானும்.

ராஜாத்தி ஜெயவேலிடம் சொன்னாள். கெட்ட எண்ணம் இல்லை, சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜெயவேல் ராத்திரி ஷிப்டில் சூளையடியில் சொன்னான். மறுநாள் காலை வஹாப் வீட்டுக்கு வந்தபோது சட்டையைக் கழற்றவில்லை, முகம் கழுவவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

"கெங்கம்மா சௌக்கியமான்னு கேக்கறானுங்கோ." குரல் எழும்பவே இல்லை. "கேட்ல நிக்கிற வாட்ச்மேன்கூட கேக்கறான்."

"தப்புதாங்க. மன்னிச்சிடுங்க."

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சிரிப்பே."

"சிரிச்சா இன்னாங்க? சிரிச்சிட்டுப் போயிருப்பேன். இத்தினி மாசம் நரகத்துல இருந்திருக்க மாட்டேன்."

அவன் கொஞ்சம் இளகினான். எழுந்து போய் அவளுடைய தையல் டப்பாவிலிருந்து நூல் எடுத்து வந்தான். நுனியை எச்சிலில் நனைத்து முறுக்கினான். "பாத்துக்கோ. இனிமே யாரும் ஒனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்." தலையை அண்ணாந்து, இடது மூக்கில் நூலை விட்டு, வலது மூக்கிலிருந்து இழுத்தான். நூல் மஞ்சளாக வந்தது. தான் யோக்கியன் என்று பெண்டாட்டிக்குக் காட்ட அவனிடம் இருந்த அத்தாட்சி அதுதான். பெருமையாகக்கூட இருந்தான்.

தாஹிரா கிட்டே போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கோபம் எல்லாம் போய், ஐயோ என் மனுஷனே என்று இருந்தது.

"இந்த வேல வேணாங்க."

"இன்னாது?"

"கம்பெனி வேணாம். ஹார்பர்ல மூட்ட தூக்குங்க. மீன் ஏலம் வுட்ற எடத்துல நில்லுங்க. எது வேணா பண்ணுங்க." விரலைக் காட்டினாள். "துணி தோச்சதுக்கே எனக்கு இது. வயித்துல கீறது இன்னா ஆவும்? முன்னாடி போச்சே ஒண்ணு, அது எதனால போச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"அது அல்லா எடுத்துக்கினது."

"வெல்லம் எதுக்குங்க குடுக்கறான்?"

"தூசுக்கு."

"தூசு ஒண்ணும் பண்ணாதுன்னா வெல்லம் எதுக்கு?"

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், வஹாப் யோசித்தான். நான் பார்த்தேன். பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அப்புறம் அவன் முகம் இறுகிவிட்டது.

"நேத்து வரிக்கும் என்னச் சந்தேகப்பட்டே. அதுக்கப்புறம் அந்தப் பொம்பளய. பல்லுபோன கெயவிய. எல்லாம் பொய்யாப் பூட்ச்சி. இன்னிக்குக் கம்பெனியப் புடிச்சிக்கினியா?" நூலைச் சுருட்டிக் கீழே போட்டான். "ஒனக்கு யாரையாச்சும் சந்தேகப்பட்டுக்கினே இருக்கணும், தாஹிரா."

அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது.

7

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

புலி வருது, புலி வருது என்று இத்தனை நாள் கத்திவிட்டாள். இப்போது நிஜமாகவே வந்து வாசலில் நிற்கிறது. அவள் சொன்னால் அவன் கேட்க மாட்டான். அவள் இடத்தில் இன்னொருத்தி இருந்தால் கேட்டிருப்பானோ என்னவோ, ஆனால் அவளைச் சந்தேகக்காரியாகச் செய்தவன் நான். ராஜாத்தி சொல்ல மாட்டாள், அவள் புருஷனுக்கும் அதே சூளை. ரசூல் பீவிக்கு இந்த நோயில் ருசி இல்லை. நான் போய்ச் சொல்லலாம் என்றால், அவனை ராயபுரத்துச் சந்துக்கு அனுப்பி வைத்த கை இது. எந்த முகத்தோடு போவேன்?

மிச்சம் இருப்பது நீங்கள்தான். அடுத்த ஷிப்டுக்கு அவன் கிளம்ப நேரம் இருக்கிறது. போய்ச் சொல்லுங்கள். வஹாப் நல்ல மனுஷன், படித்தவர்கள் வந்தால் எழுந்து நிற்பான், உட்காரச் சொல்வான், டீ வாங்கி வருவான். சூளை, சட்டை, நெஞ்சு, வயிற்றுப் பிள்ளை என்று நீங்கள் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்பான். கடைசியில் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்பான்.

"வலிக்கவே இல்லியே சார்?"

நீங்கள் என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்று தாஹிரா அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள்.